இரத்தம் போகாத பல்லுக்குள் மாத்திரை எப்படிப் போகும்? பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் துறைக்காரன் இல்லை. ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் தட்டுகளில் பாக்டீரியா வளர்த்து, எந்த மருந்துக்கு எது சாகிறது, எது அசையாமல் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொடுப்பது என் பிழைப்பு. அதோடு, கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றுக்காக ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டவன். மூன்று தடவையும் அதே இரண்டு மருந்து, அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும், அதே ஐந்து நாள். மூன்று தடவையும் வலி போனது, மூன்று தடவையும் திரும்பி வந்தது. நான்காவது தடவை வேறொரு பல் டாக்டரிடம் போனேன். அவர் பல்லைத் துளைத்துத் திறந்தார். உள்ளே அடைபட்டுக் கிடந்த சீழ் வெளியே வந்ததும், இரண்டு நாளாகத் தூங்கவிடாத வலி அந்த நாற்காலியிலேயே பாதியாக இறங்கிவிட்டது. கிளம்பும்போது, "மாத்திரை எழுதலையா டாக்டர்?" என்று கேட்டேன். கேட்டது நான்! தினமும் மருந்து எதிர்ப்பை ஸ்கேல் வைத்து அளக்கிறவன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதனால் இதில் உங்களைக் குறை சொல்லும் இடத்திலெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்க வேண்டாம். பல்லுக்குள் இருக்கும் நோய்க்கு மருந்து உங்கள் கை. திறப்பது, வடிப்பது, சுத்தம் செய்வது, முடியாவிட்டால் பிடுங்குவது. மாத்திரை அதற்குத் துணைக்கு வருவது, அதுவும் சில சமயம்தான். உங்களுக்கு இது தெரியாத விஷயமே இல்லை, ஆனால் சீட்டு எழுதும் நேரத்தில் மட்டும் ஏனோ கை தானாக அந்த இரண்டு பெயரை எழுதிவிடுகிறது.

என் பக்கத்துப் பாடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவுக்கு உள்ளே அழுத்தம் அதிகம். வெடித்துப்போகாமல் அதைப் பிடித்துவைத்திருப்பது சுற்றிலும் இருக்கும் வலை போன்ற ஒரு சுவர். பாக்டீரியா வளரும்போது அந்த வலையில் புதிய இழைகளைச் சேர்த்து, இழைக்கு இழை முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். முடிச்சுப் போடுவதற்கென்று ஒரு என்சைம் இருக்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள், உங்கள் அமாக்ஸிசிலின் உட்பட, அந்த இழையின் நுனியைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு போய் அந்த என்சைமின் வாயில் சிக்கிக்கொள்கின்றன. அதற்கப்புறம் அந்த என்சைமால் அதைத் துப்பவும் முடியாது, வேலை செய்யவும் முடியாது. முடிச்சு விழாமல் சுவர் ஓட்டையாகி, உள்ளிருக்கும் அழுத்தத்தில் பாக்டீரியா தானே வெடித்துச் சாகிறது. நம் செல்களுக்கு இந்தச் சுவரே கிடையாது என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. இவ்வளவு நேர்த்தியான ஒரு மருந்து மனிதன் கைக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பாக்டீரியா வளர்ந்துகொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் சுவர் கட்டுகிறவனைத்தான் இந்த மருந்து கெடுக்கும், கட்டாமல் சும்மா படுத்திருப்பவனை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. இரண்டு, மருந்து அங்கே போய்ச் சேர வேண்டும். வாயில் போட்ட மாத்திரை குடலில் கரைந்து இரத்தத்தில் ஏறி, இரத்தம் போகிற இடத்துக்குத்தான் போகும். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் மெத்தென்ற பகுதிதான் கூழ். அதற்கு இரத்தம் வருவது வேர் நுனியில் இருக்கும் துளை வழியாக. முழுக்க வளர்ந்த பல்லில் அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சுற்றிலும் டென்டின் என்ற, கல் மாதிரியான பல் சுவர். கூழ் வீங்கினால் விரிய இடமில்லை, அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நசுங்கும், கடைசியில் கூழ் செத்துப்போகும். செத்த கூழுக்கு இரத்தம் ஏது? இரத்தம் இல்லாத அறைக்குள் மாத்திரை எந்தக் கதவு வழியாகப் போகும்?

இப்போது என் மூன்று கோர்ஸ்களுக்கு வருகிறேன். ஏனென்றால் மூன்றிலும் நடந்தது வேறு வேறு, ஆனால் எழுதப்பட்டது ஒன்று.

முதல் தடவை, சில்லென்று எதுவும் பட்டால் உயிர் போகும் வலி, சூடு பட்டால் அதற்கு மேல், இராத்திரியில் தானாகவே துடிக்கும். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. இதற்கு உங்கள் புத்தகத்தில் பெயர் இருக்கிறது, மீளாத கூழ் அழற்சி. அழற்சிதான் வலிக்கிறது, அழற்சிக்கு ஆன்டிபயாடிக் வலிமாத்திரை இல்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வலியோடு வந்த 40 பேரில் சிலருக்குப் பென்சிலின், சிலருக்கு வெறும் மாவு மாத்திரை என்று ஏழு நாள் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. இரண்டு பக்கத்துக்கும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன உடற்கூறு சொல்வதையே அதுவும் சொன்னது.

"உனக்கு வலி போச்சே?" என்று நீங்கள் கேட்கலாம். போனது, நான்காவது நாள் சுத்தமாகப் போனது. நானும் நிம்மதியாக இருந்தேன், எழுதிக்கொடுத்தவரும் நிம்மதியாக இருந்திருப்பார். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, வலி போனதற்குக் காரணம் மாத்திரை இல்லை, கூழ் செத்துவிட்டது. நரம்பு செத்தால் வலி எங்கிருந்து வரும்? இந்த இடத்தில்தான் நீங்களும் நாங்களும் சேர்ந்து ஏமாறுகிறோம் என்று நினைக்கிறேன். நோய் அடுத்த கட்டத்துக்குப் போனதை நோய் குணமானது என்று எழுதிக்கொள்கிறோம். அடுத்த நோயாளிக்கும் அதே சீட்டு, ஏனென்றால் போன தடவை "கேட்டுச்சே".

இரண்டாவது தடவை நாலு மாதம் கழித்து. இப்போது குளிர்ச்சி பட்டால் ஒன்றும் தெரியவில்லை, கடித்தால் வலி, ஈறில் சின்ன மேடு. செத்த கூழுக்குள் குடியேறிய பாக்டீரியா வேர் நுனிக்கு வெளியே எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டது. இங்கே மாத்திரை கொஞ்சம் வேலை செய்யும், அதை மறைக்க மாட்டேன். வேர் நுனியைச் சுற்றியிருக்கும் எலும்புக்கு இரத்தம் வருகிறது, மருந்தும் வருகிறது, வெளியே வந்த கும்பலை அடக்குகிறது. வெளியே வந்த கும்பலை மட்டும். உள்ளே வேர்க்கால்வாயில் சுவரோடு சுவராக ஒட்டிப் படலமாகக் குடியிருப்பவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. படலமாக வாழும் பாக்டீரியா ஒரு பசைக்குள் புதைந்து, பாதி தூக்கத்தில், மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும். மிதந்து திரியும் அதே இனத்தைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு மருந்து கொடுத்தாலும் அசராது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1683இல் லூவன்ஹூக் தன் பல்லிடுக்கில் இருந்து வெள்ளையாக ஒரு மாவைச் சுரண்டித் தன் லென்ஸ் வழியாகப் பார்த்து, துள்ளித் திரியும் குட்டி உயிர்களைப் பற்றி லண்டனில் இருக்கும் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு மடல் எழுதினார். வினிகர் அவற்றைக் கொல்கிறதா என்றும் பார்த்தார். வெளிப்பக்கம் இருந்தவைதான் செத்தன, உள்ளே புதைந்திருந்தவை தப்பித்துக்கொண்டன. முன்னூற்று நாற்பது வருடத்துக்கு முன் ஒரு துணி வியாபாரி கண்ட விஷயம் இது.

மூன்றாவது தடவையும் அதே கதைதான், அதைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் தடவை நேரில்கூடப் போகவில்லை. ஃபோனில் சொன்னேன், "போன தடவை போட்டதையே போடுங்க" என்று பதில் வந்தது. வாயைத் திறந்து பார்க்காமல் வாய்க்கு மருந்து. நானும் நன்றி சொல்லி வைத்தேன், ஏனென்றால் எனக்கும் அந்த நாற்காலி என்றால் பயம்.

மெட்ரோனிடசோலைப் பற்றி ஒரு வார்த்தை. அமாக்ஸிசிலினுக்கு நிழல் மாதிரி அதையும் சேர்த்தே எழுதுவது பல இடங்களில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த மருந்தின் கதையே உங்கள் துறையோடு கட்டிப்போட்டது, அதனால்தான் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, ஈறுகளில் இருந்த புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டது. ஷின் என்பவர் 1962இல் அதை லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு குறிப்பாக எழுதினார். அதிலிருந்துதான் இந்த மருந்து காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களையும் கொல்லும் என்பது தெரிய வந்தது. உள்ளே போகும்போது அது ஒரு செயலற்ற பொருள். காற்றில்லா பாக்டீரியாவின் செல்லுக்குள் போனதும் அங்கிருக்கும் எலக்ட்ரான் ஒன்றை வாங்கிக்கொண்டு வெறி பிடித்த மாதிரி டிஎன்ஏவைக் கிழிக்கும். ஆக்சிஜன் இருக்கும் செல்லில் அந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடுங்கிக்கொள்ளும், மருந்து பழையபடி சாதுவாகிவிடும். ஈறு அழுகும் அந்த நோய் காய்ச்சலோடு வந்தால், அல்லது பரவுகிற சீழுக்கு முதல் மருந்து போதாமல் போனால், இது அருமையான ஆயுதம். சொத்தைப் பல் வலிக்கு எல்லாருக்கும் ஒரு அட்டை மாத்திரை என்றால் வாய்க்கசப்பும் குமட்டலும்தான் மிச்சம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இதை எழுதினால் இரத்தம் உறைவதே தாறுமாறாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் "வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று என்னை மூன்று தடவையும் யாரும் கேட்கவில்லை.

சரி, எப்போது வேண்டும்? இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ ஆன்டிபயாடிக் எதிரி என்று யாராவது நினைத்துக்கொண்டு, எழுத வேண்டியவருக்கும் எழுதாமல் விட்டுவிடக் கூடாது. முகம் வீங்கி, வீக்கம் பரவிக்கொண்டே போனால், காய்ச்சல் அடித்தால், வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகினால், எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டால், நாக்குக்கு அடியில் இருக்கும் சதை மேலெழும்பி மூச்சு முட்டினால் வேண்டும், உடனே வேண்டும். கடைசியாகச் சொன்னவை எல்லாம் உங்கள் கிளினிக்கோடு நிற்கிற விஷயமும் இல்லை, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவை. 1836இல் லுட்விக் விவரித்த அந்தத் தொற்று, ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, பெரும்பாலும் ஒரு கீழ்க்கடைவாய்ப்பல்லில் இருந்து கிளம்பி. நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் கணக்கு வேறு. இந்த நோயாளிகளுக்கு மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் எனக்கு அன்று அது எழுதப்பட்டிருக்கக் கூடாது என்கிறேன்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் இதை வழிகாட்டியாகவே எழுதி வெளியிட்டுவிட்டது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள பெரியவர்களுக்கு, பல்லுக்கு உடனே சிகிச்சை கொடுக்க வழி இருக்கும்போது, கூழ் அழற்சிக்கும் வேர் நுனித் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கும், பரவாமல் ஓரிடத்தில் நிற்கும் சீழுக்குக்கூட, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். உடலெங்கும் பரவும் அறிகுறி இருந்தால் வேண்டும். எழுதினாலும் மூன்றாம் நாள் நோயாளியைத் திரும்பப் பாருங்கள் அல்லது விசாரியுங்கள், அறிகுறி அடங்கி 24 மணி நேரம் ஆனபின் நிறுத்திவிடலாம் என்றும் அதில் இருக்கிறது.

இந்த "நிறுத்திவிடலாம்" எங்களுக்குப் பெரிய குழப்பம். சின்ன வயதிலிருந்து "கோர்ஸை முழுசா முடிக்கணும், இல்லேன்னா கிருமி பழகிடும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையில் சொன்ன கதையில் இருந்தே இந்தப் பேச்சு இருக்கிறது. தொண்டை வலிக்குக் குறைச்சலாகப் பென்சிலின் சாப்பிட்ட ஒருவர் தன் தொண்டையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை மருந்துக்குப் பழக்கிவிட்டு மனைவிக்குத் தொற்றவைக்கிறார், மனைவிக்கு மருந்து கேட்காமல் இறந்துபோகிறார் என்று ஒரு கற்பனைக் கதை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றைக்கும் பென்சிலினுக்குச் சாகிறது, என் தட்டிலேயே பார்க்கிறேன். பழகிக்கொண்டது வேறு சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள், அதிலும் நம் வாயிலேயே அமைதியாகக் குடியிருப்பவை. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது, காசநோய்க்கு முடிக்காமல் விட்டால் ஆபத்து, வடித்துவிட்ட பல் சீழுக்கு ஏழாவது நாளும் விழுங்குவதில் பெரிய புண்ணியம் இல்லை. ஆனால் நாங்களாக நிறுத்தக் கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு நீங்கள் மூன்றாம் நாள் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறீர்களா?

வாயில் குடியிருப்பவர்கள் என்று சொன்னேனே, அங்கேதான் என் வயிற்றெரிச்சல் எல்லாம். மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஐந்து நாள் அமாக்ஸிசிலின் சாப்பிட்டால் சொத்தைப் பல்லுக்குள் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நாக்கிலும் கன்னத்திலும் தொண்டையிலும் குடலிலும் மருந்து எட்டுகிற இடத்தில் இருக்கும் அப்பாவிகள் கொத்தாகச் சாவார்கள். தப்பிப் பிழைப்பது எதிர்ப்புள்ளவன். காலியான வீடுகளில் அவன் பிள்ளை குட்டியோடு குடியேறுவான். அவன் தீங்கு செய்யாதவனாகவே இருக்கலாம், ஆனால் பாக்டீரியாக்கள் மரபணுவைக் கடன் கொடுக்கும் வாங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் என்று ஒரு வாய்க்குடித்தனக்காரன் இருக்கிறான். அவனிடமிருந்து நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பென்சிலின் எதிர்ப்பு மரபணுத் துண்டுகளை வாங்கி, தன்னுடையதோடு ஒட்டுப்போட்ட துணி மாதிரி தைத்துக்கொண்டிருக்கிறான். அந்த முடிச்சுப் போடும் என்சைமையே மருந்து பிடிக்க முடியாதபடி உருமாற்றிக்கொண்டான். ஆக, என் கடைவாய்ப்பல்லுக்கு எழுதிய சீட்டு, பல்வலியே இல்லாத யாரோ ஒருவரின் நுரையீரலில் போய் முடியலாம். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாவால் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்ற கணக்கு 2022இல் லான்செட்டில் வந்தது. இதில் பல்லுக்காக எழுதிய சீட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகளில் சுமார் பத்தில் ஒன்று பல் மருத்துவர்கள் எழுதுவது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சின்னப் பங்கு இல்லை அது.

அப்புறம் "எதுக்கும் இருக்கட்டும்" சீட்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. இதயத்தில் ஏதோ "சத்தம்" இருக்கிறது என்று சின்ன வயதில் யாரோ சொன்னார்கள் என்பதற்காக, ஸ்டென்ட் வைத்திருக்கிறார் என்பதற்காக, முட்டி மாற்று அறுவை செய்திருக்கிறார் என்பதற்காகப் பல் சுத்தம் செய்யும் முன் ஆன்டிபயாடிக். வாயிலிருந்து இரத்தத்தில் ஏறும் பாக்டீரியா அங்கே போய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்தான். இதயத்துக்காக இப்படி முன்கூட்டியே மருந்து வேண்டியவர்களின் பட்டியலை அமெரிக்க இதயச் சங்கம் 2007இலேயே சுருக்கிவிட்டது. செயற்கை வால்வு இருப்பவர்கள், ஏற்கெனவே இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்கள், குறிப்பிட்ட சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், மாற்று இதயம் வைத்து வால்வில் கோளாறு வந்தவர்கள், அவ்வளவுதான். அவர்களுக்கும் ஈறைக் கிளறுகிற வேலைகளுக்கு மட்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரே வேளை, 2 கிராம் அமாக்ஸிசிலின். ஐந்து நாள் மாத்திரை இல்லை. பல் தேய்க்கும்போதும் மெல்லும்போதும் தினமும் இரத்தத்தில் ஏறும் பாக்டீரியாவை வருடம் முழுக்கக் கூட்டினால், உங்கள் நாற்காலியில் ஏறுவது அதற்கு முன்னால் தூசு. அமெரிக்காவில் இப்படி முன்னெச்சரிக்கையாக எழுதப்பட்ட சீட்டுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது, அதில் 81 சதவீதம் தேவையில்லாதவை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கிளிண்டாமைசின் என்று கொடுத்துவந்ததையும் 2021இல் அதே சங்கம் கைவிடச் சொல்லிவிட்டது, ஏனென்றால் ஒரே வேளை மருந்துகூடக் குடலில் இருக்கும் நல்லவர்களைத் துடைத்துவிட்டு கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பொல்லாதவனுக்குக் கதவு திறந்துவிடலாம். பல்வலிக்குப் போய் உயிர்போகிற பேதியோடு படுத்தால், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

ஒத்துக்கொள்ளாமை என்றதும் இன்னொன்று. "எனக்குப் பென்சிலின் அலர்ஜி" என்று சொல்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குச் சோதித்துப் பார்த்தால் அலர்ஜி இருக்காது. சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு தடிப்பு, அல்லது வெறும் வயிற்றுப்போக்கு, அப்படியே வாழ்நாள் முத்திரையாகிவிடுகிறது. அவர்களை நம்பாமல் பென்சிலினைக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, உண்மையான அலர்ஜி நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். எப்போது, என்ன ஆச்சு என்று இரண்டு கேள்வி கேட்டு, சந்தேகமாக இருந்தால் அலர்ஜி பார்க்கிற டாக்டரிடம் அனுப்புங்கள்.

பல் பிடுங்கியபின் எல்லாருக்கும் எழுதுவதைப் பற்றியும், பிடுங்கிய குழியில் இரத்தக்கட்டி கழன்று எலும்பு தெரிந்து வலிக்கிற அந்த வறண்ட குழிக்கு எழுதுவதைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னது தொற்றே இல்லை, கழுவி மருந்து வைத்தால் அடங்கும். இம்ப்ளான்ட், அறுத்து எடுக்கும் ஞானப்பல் இதெல்லாம் உங்களுக்குள்ளேயே விவாதம் ஓடுகிற இடம், அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை.

"பல்லுக்குள்ள வீங்கியிருக்கும்போது மரப்பு ஊசி கேக்காது, அஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டு வாங்க, அப்புறம் திறக்கலாம்" என்று என் முதல் தடவையில் சொன்னார்கள். ஊசி சரியாகக் கேட்காது என்பது உண்மைதான், கூழ் கொதித்துக்கொண்டிருக்கும் கீழ்க்கடைவாய்ப்பல்லில் வழக்கமான ஊசி அடிக்கடி தோற்றுப்போகும் என்று நான்காவது தடவை பார்த்த டாக்டரும் சொன்னார். ஆனால் அவர் அதற்கு மாத்திரை எழுதி அனுப்பவில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஊசி போடலாம், எலும்புக்குள்ளேயே போடலாம், கடைசியில் கூழுக்குள்ளேயே போடலாம் என்று தன் ஆயுதங்களை வரிசையாகச் சொன்னார். ஐந்து நாள் மாத்திரை கூழின் கொதிப்பை அடக்காது, அந்த ஐந்து நாளில் கூழ் செத்தால் மட்டும் ஊசி "கேட்கும்". வலிக்கு வலிமாத்திரை இருக்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு போன்ற தடை இல்லாதவர்களுக்கு இபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் சேர்த்துக் கொடுத்தால் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும் என்பது பல சோதனைகளில் தேறியது. ஐந்து நாளைக்கு அமாக்ஸிசிலின் எழுதின கையால் இதை எழுதியிருந்தால் அன்றைக்கு இராத்திரி தூங்கியிருப்பேன்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியே எட்டு பேர் காத்திருக்கிறார்கள், வேர் சிகிச்சை ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும், சீட்டு எழுத ஒரு நிமிடம். நாளைக்கு வீங்கிவிட்டால் "டாக்டர் ஒண்ணுமே எழுதல" என்று சண்டைக்கு வருவோம். மாத்திரை எழுதாத டாக்டரைத் திறமையில்லாதவர் என்று முடிவு கட்டி அடுத்தவரிடம் போய்விடுவோம். நானே கேட்டேனே! எங்களுக்குத் திறப்பதற்குப் பயம், பிடுங்குவதற்குப் பயம், மாத்திரை அட்டையைக் கிழித்து விழுங்குவதற்கு மட்டும் பயமில்லை. ஆனால் இந்த இருவரில் யார் அந்தப் பழக்கத்தை முதலில் விட முடியும் என்று கேட்டால், பேனா உங்கள் கையில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆன்டிபயாடிக் எழுதும்போது பக்கத்திலேயே, எங்களுக்குப் புரிகிற மொழியில், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். "முகத்தில் பரவும் வீக்கம், காய்ச்சல்" என்று எழுத முடிந்தால் எழுதுங்கள், நாங்களும் மரியாதையாகச் சாப்பிடுகிறோம். எழுத உட்கார்ந்து காரணம் எதுவும் பேனாவில் வரவில்லை என்றால், "வலி" என்று மட்டும்தான் வருகிறது என்றால், அந்த மருந்தை அடித்துவிடுங்கள். எழுதாமல் விடும்போதும் ஏன் என்று சொல்லி அனுப்புங்கள். "உங்க பல்லுக்குள்ள இரத்தம் போகல, மாத்திரை போகாது, நான் திறந்து விட்டுட்டேன், அதுதான் வைத்தியம்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடம் எனக்கு யாராவது ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் அந்த மூன்று கோர்ஸும் என் குடலுக்குள் போயிருக்காது.

நான்காவது தடவை பார்த்த டாக்டர் கொடுத்த சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். மேலே இரண்டு வலிமாத்திரை, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று. அதற்குக் கீழே, நான் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு திரும்ப வாங்கி அவர் எழுதியது: "ஆன்டிபயாடிக் தேவையில்லை. சீழ் வடிந்துவிட்டது, பரவவில்லை, காய்ச்சல் இல்லை. முகம் வீங்கினாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ எந்த நேரமானாலும் கூப்பிடவும்." அடியில் அவருடைய எண். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். எனக்குக் கூப்பிட வேண்டி வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியில் இன்னும் இரண்டு பல்லுக்காக வாய் பிளந்து படுக்கவிருக்கும் ஒருவன்